வெறுங்குடுவையிலும் மஞ்சள்

1

24 ஆகஸ்ட் 1957, சனிக்கிழமை. ஒரு சிறு பிழை நேர்ந்துவிட்டது. பதினொரு நாளுக்கு முன், மாலை வகுப்பின் ரசாயனக் கூடத்தில் எங்கள் வரிசைக் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தபோது, கரும்பலகையில் இருந்த ஒன்பது படிகளில் எட்டைத்தான் செய்தேன்.

'சிறு' என்ற சொல்லை முதலில் அடித்தேன். பிறகு திரும்ப எழுதினேன். பிழை சிறியதுதான். அதனால் ஒரு குடும்பம் நாளைக் காலை வீட்டைக் காலி செய்கிறது. இரண்டும் உண்மை என்பதால் இரண்டும் இருக்கட்டும்.

இந்தக் கதை அங்கிருந்துதான் பிறந்தது. நான் நாட்குறிப்பு எழுதுகிறவன். கதைப் பழக்கம் இல்லை. ஆனால் நேற்று மாலையிலிருந்து 'நான்' என்று தொடங்கிய ஒவ்வொரு வாக்கியமும் ஒரு சாக்கில் போய் நின்றது. நான் அவசரப்பட்டேன், ஏனென்றால் அன்று — நான் யார் பெயரையும் சொல்லவில்லை, ஆனாலும் — நான் நல்லதை எண்ணித்தான் — மூன்றையும் அழிக்காமல் விட்டிருக்கிறேன், நீங்களும் பார்க்க வேண்டும் என்று. ஆகவே இனி 'அவன்'. பெயர் சேதுராமன். வயது இருபத்திரண்டு. பகலில் மலாக்கா டவுனில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிப்பவன். செவ்வாயும் வெள்ளியும் மாலையில் ரசாயனம் படிப்பவன். அவனுக்காக நான் பரிந்து பேசப் போவதில்லை.

2

முதல் தொடக்கம்: 'காஜா பெராங்கில் விடிவது வாளிச் சத்தத்தில்தான்.' எழுதும்போது நன்றாக இருந்தது. உண்மையில் இங்கே முதலில் கேட்பது ரொட்டிக்காரன் சைக்கிள் மணி. அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: 'ஆர்சனிக் என்பது பாறையிலும் மண்ணிலும் இயல்பாகவே உள்ள ஒரு தனிமம், ஆகையால் நீரிலும் பயிரிலும் சிறிதளவு —' இது வகுப்பு நோட்டு. பிழையில்லாத வரி, ஆனால் உங்களில் பாதிப்பேர் அடுத்த வரிக்கு வரமாட்டீர்கள்.

மூன்றாவதைப் பொன்னம்மாவிடம் கொடுக்கிறேன். சொக்கப்பன் செட்டியாரின் வரிசை வீடுகள் ஆறில் மூன்றாம் வீட்டுக்காரர். ஆறு வீட்டுக்கும் பின்புறம் ஒரே கிணறு. வியாழக்கிழமை காலை, அந்தக் கிணற்றடியில், சேதுராமன் நீட்டிய சோதனைத் தாள் வட்டத்தைப் பார்த்து அவர் சொன்னார்:

"மஞ்சளா இருக்கே தம்பி. நல்லதுதானே?"

"நல்லதில்லக்கா. தண்ணியில ஆர்சனிக் இருந்தாத்தான் தாள் மஞ்சளாகும். பாஷாணம்."

"ராச்சுனா?" பொன்னம்மா வாளியைக் கீழே வைத்தார். மலாய்ச் சொல்லில் கேட்டால்தான் விஷம் விஷமாக உறைக்கும் போலிருக்கிறது. "ஏன்யா, இதுலதான நேத்து ரசம் வச்சேன்?"

"எங்கேருந்து வருது?" என்று கேட்டவர் சொக்கப்பன். வாடகைக்கு விட்டவர் என்பதால் கேள்வியும் அவருடையது.

சேதுராமனுக்குப் புத்தகத்தில் படித்தது நினைவிருந்தது. "புல்லுக்கு அடிக்கிற மருந்துலகூட இதுதான் இருக்கு" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். ஆறு வீட்டில் புல்லுக்கு மருந்தடிக்கும் ஆள் ஒருவர்தான் இருந்தார்.

3

இங்கே என் பாத்திரத்தின் மேல் எனக்கு ஒரு சந்தேகம். ஊரில் எத்தனையோ தண்ணீர் இருக்க, இவன் ஏன் இந்தக் கிணற்றை எடுத்தான்? நாட்குறிப்பில் 'அண்டை அயலார் நலனுக்காக' என்று இருக்கிறது. கையெழுத்து என்னுடையதுதான், நம்பத்தான் முடியவில்லை. கிணற்றடியில் நின்று பேசினால் நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டான் என்றே நினைக்கிறேன். பார்த்தார்கள்.

சோதனை இப்படி. ஒரு குடுவையில் தண்ணீர், அதோடு அமிலம், அதில் துத்தநாகத் துண்டுகள். குமிழி கிளம்பும். தண்ணீரில் ஆர்சனிக் இருந்தால் அது வாயுவாகி மேலே ஏறும். குடுவையின் வாயில் பாதரச உப்பு தடவிய சிறு தாள் வட்டம். வாயு பட்டால் தாள் மஞ்சளாகும்; நிறைய இருந்தால் பழுப்பாகும். ஒன்பதாவது படி: மாதிரி எதையும் போடாமல், காய்ச்சி வடித்த நீரை வைத்து இதையே இன்னொரு முறை செய்.

அன்று மலாயா சுதந்திர ஊர்வல ஒத்திகைக்காக வகுப்பை முக்கால் மணி முன்னதாக விட்டுவிட்டார்கள். ஒன்பதாவது படிக்கு ஆகிற நேரமும் முக்கால் மணி. ஒன்றுமில்லாததைச் சோதிக்க இவ்வளவு நேரமா என்று சேதுராமன் நினைத்தான்.

(ஒத்திகை இல்லாதிருந்தால் செய்திருப்பானா? 'செய்திருப்பான்' என்று எழுதினேன். எழுதும்போதே கை தயங்கியதால் அடித்தேன்.)

4

அப்பாசாமியை எழுதுவதுதான் கடினம். அவரைப் பாவமாக எழுதினால் எனக்குச் சுலபமாகிவிடும். அவர் பாவமான ஆளே இல்லை. புக்கிட் ரம்பாய்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பதினோரு வருடம் லாலான் புல்லுக்கு மருந்தடித்தவர். இப்போது பத்து பெரெண்டாம் என்னும் ஊரின் விமானத் திடலில் ஓரப் புல்லுக்கு அடிக்கிறார். கடைசி வீடு. குரல் முதல் வீடுவரை கேட்கும்.

"மருந்து டின்ன வீட்டுக்குக் கொண்டாறியா?" சொக்கப்பன் கேட்டார்.

"அத தூக்கிட்டு வர்றதுக்கு அது என்னங்க செட்டியாரே, மாப்பிள்ளை சீரா? ஸ்டோர்ல வச்சுப் பூட்டிட்டுத்தான் விடுறான்."

"கைகால் எங்க கழுவுற?"

"கிணத்தடியிலதான். நீங்க ஆகாசத்துலயா கழுவுறீங்க?"

இரண்டு பேர் சிரித்தார்கள். சொக்கப்பன் சிரிக்கவில்லை. "முப்பத்தொண்ணாந் தேதி சுதந்திரத்துக்கு இங்கதான் பொங்கல் வைக்கிறதா இருக்கு. அதுக்குள்ள கிணத்த இறைச்சாகணும். நீ வேற இடம் பாத்துக்க, அப்பாசாமி."

அப்பாசாமி சேதுராமனைப் பார்த்தார். "தம்பி, நீ சொல்லு. என் கால்லேருந்துதான் வந்துச்சா?"

சேதுராமன், "அது எனக்குத் தெரியாதுண்ணே" என்றான். உண்மைதான் சொன்னான். தெரியாது என்று அவன் சொன்ன விதத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அப்பாசாமியின் மனைவி பூங்காவனம் வந்து, கம்பியில் மாட்டியிருந்த ஆறு வாளிகளில் தங்களுடையதைக் கழற்றினார். இந்த வரிசையில் ஒரு வீட்டு வாளியை இன்னொரு வீட்டார் தொடுவதில்லை. கழற்றச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அதற்குள் அவரே கழற்றிவிட்டார்.

"படிச்ச புள்ள சொல்லுது. இருக்கும்" என்றார்.

அன்றிலிருந்து இருவரும் பெரிய ரோட்டுப் பொதுக்குழாய்க்கு நடக்கிறார்கள். மற்ற ஐந்து வாளிகளும் கிணற்றில்தான் இறங்குகின்றன; அப்பாசாமி அங்கே கால் கழுவாவிட்டால் போதுமாம்.

5

கமலவேணி இந்தக் கதைக்குள் தானாகவே வந்துவிட்டார். நான் இடம் ஒதுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ், சேதுராமனைவிட நாலு வயது மூத்தவர், வகுப்பில் அடுத்த மேசை.

"உங்க கிணறு மஞ்சள்னா, எங்க குழாய்த் தண்ணி என்ன கலரு?" என்று அடுத்த வகுப்பில் கேட்டார். போன செவ்வாய்க்கிழமை சேதுராமன் நான்கு மாதிரிகள் கொண்டுபோனான்: குழாய்த் தண்ணீர், அரிசி, காய்ந்த இறால், கமலவேணியின் குப்பியில் மிச்சமிருந்த காப்பி. திடப்பொருளை எல்லாம் முறைப்படி அமிலத்தில் வேகவைத்தான். நான்கு தாளும் மஞ்சள். இறால் நல்ல அழுத்தம்.

மூன்று நாள் சேதுராமன் ரொட்டி மட்டும் தின்றான்.*

நேற்று வகுப்பில்:

"என்ன தம்பி, கன்னம் ஒட்டிப்போச்சு?"

"எல்லாத்துலயும் இருக்குக்கா. சோத்துல இருக்கு, காப்பியில இருக்கு."

"ஒண்ணுமே போடாம பாத்தீங்களா?"

"ஒண்ணுமே போடாம என்னத்தப் பாக்கிறது?"

"அதத்தான் பலகையில ஒம்பதாவதா எழுதிருக்கு. எட்டுக்கு மேல எண்ணத் தெரியாதா?"

முக்கால் மணி காத்திருந்தார்கள். வெறும் காய்ச்சி வடித்த நீர். வேறு ஒன்றும் இல்லை. தாளை எடுத்தபோது அது மஞ்சளாக இருந்தது.

துத்தநாகத்திலேயே ஆர்சனிக் கலந்திருந்தது. தாது வெட்டும் இடத்தில் இரண்டும் சேர்ந்தே கிடைக்கும். மலிவான துத்தநாகத்தில் கொஞ்சம் தங்கிவிடும். அதைக் கண்டுபிடிக்கத்தான் ஒன்பதாவது படி.

கமலவேணி தாளை விளக்கில் பிடித்துப் பார்த்தார். "துத்தநாகத்துலயும் அப்பாசாமி கால் கழுவுனாரா, தம்பி?"

* ரொட்டியைச் சோதிக்கவில்லை என்பது அவனுக்குத் தோன்றவேயில்லை.

6

இந்தப் பகுதி கட்டுரைபோல் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், இது இல்லாவிட்டால் முடிவு விளங்காது.

வெறுங்குடுவைத் தாளைப் பக்கத்தில் வைத்து மற்றவற்றை ஒப்பிட்டார்கள். குழாய்த் தண்ணீரும் காப்பியும் அதே நிறம். அதாவது, கண்ணுக்குத் தெரிகிற அளவு அவற்றில் ஒன்றுமில்லை. அரிசி ஒரு சாயல் கூடுதல். வயலில் நிற்கும் தண்ணீரிலிருந்து நெல் அதை உறிஞ்சுகிறது. நன்றாகக் கழுவி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் கொஞ்சம் வெளியேறும். பொன்னம்மா அப்படித்தான் செய்கிறார். வடித்த கஞ்சி அவர் புருஷன் சட்டைக்கு வேண்டும். இறாலில் உண்மையாகவே அதிகம். ஆனால் அதில் இருக்கும் வகை பெரும்பாலும் வந்தபடியே உடம்பை விட்டுப் போய்விடுகிறது என்கிறது புத்தகம்.

பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று வகுப்பில் சொல்வார்கள். அது எவ்வளவு என்று தெரியாமல் எழுதக்கூடாது என்பதால் இன்று பிற்பகல் ஆயிரம் அரிசியை எண்ணி நிறுத்தேன். அந்தக் கணக்கில் பத்து லட்சம் அரிசி ஏறக்குறைய முப்பத்து மூன்று காத்தி, அதாவது இருபது கிலோ. அவ்வளவு அரிசியில் ஒரே ஒரு மணி. தண்ணீரில் பேசப்படுவது பல சமயம் அந்த மணியில் ஒரு நொய். அந்த நொய்யை அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. அதிகமாக உள்ள கிணற்றை வருடக்கணக்கில் குடித்தவர்களுக்குத் தோல் தடித்துக் கறுத்திருக்கிறது, உயிரும் போயிருக்கிறது. எவ்வளவு, எத்தனை நாள் என்ற இரண்டையும் சொல்லாமல் 'பாஷாணம் இருக்கிறது' என்று நிறுத்துகிறவன் பாதிதான் சொல்கிறான். சேதுராமன் அந்தப் பாதியைக் கிணற்றடியில் சொன்னான்.

சரி, கிணறு? அதன் தாளை மூன்று பேர் பார்த்தார்கள். வெறுங்குடுவைக்கும் இதற்கும் வித்தியாசமில்லை என்றார் கமலவேணி. பின்மேசைக் கருணாகரன், மயிரிழை கூடுதல் என்றான். சேதுராமன் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் கண்ணை இதில் சேர்க்க வேண்டாம் என்றான். இதுவரை அவன் செய்ததில் எனக்குப் பிடித்த காரியம் அது.

7

முடிவுகள்.

அ. சேதுராமன் போய்ச் சொல்கிறான். அப்பாசாமி உரக்கச் சிரித்து, "இதுக்கா இம்புட்டு?" என்று முதுகில் தட்டி — ஒரு பக்கம் எழுதினேன். அதில் அப்பாசாமி என்னைப்போலவே பேசுகிறார். கிழித்துவிட்டேன்.

ஆ. சிங்கப்பூரிலிருந்து தூய துத்தநாகம் வருகிறது. கருணாகரன் சொன்ன மயிரிழை உண்மைதான் என்று தெரிகிறது. சேதுராமன் முழுக்கத் தவறில்லை என்றாகிறது. இந்த முடிவு எனக்கு மிகவும் பிடிக்கிறது, அதனால்தான் நம்பவில்லை. மயிரிழை இருந்தாலும் அது சோற்றில் உள்ள அளவுதான். கிணற்று மண்ணிலிருந்தே ஊறியிருக்கலாம். எந்தத் தாளும் யார் காலையும் காட்டுவதில்லை.

இ. அப்பாசாமி வீட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு லோரி போய்விடுகிறது. சேதுராமன் ஒரு கடிதம் எழுதுகிறான். இந்த யோசனையை நேற்றே கமலவேணியிடம் சொல்லிப் பார்த்தான்.

"எழுதுங்களேன்" என்றார் அவர். "உங்களுக்கு எழுத்து நல்லா வருது. அவங்க ரெண்டு பேருக்கும் படிக்க வராது. பொருத்தமா இருக்கும்."

இந்த மூன்றில் எதையும் நான் வைத்துக்கொள்ளவில்லை. நான்காவதை எழுத எனக்கு உரிமையில்லை; அதில் பேச வேண்டியவர்கள் அப்பாசாமியும் பூங்காவனமும், அவர்கள் இன்னும் பேசவில்லை. அடுத்த பக்கத்தில் இரண்டு தாள்களை ஒட்டியிருக்கிறேன். இடப்பக்கம் வெறுங்குடுவை, வலப்பக்கம் கிணறு. வித்தியாசம் இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம் என்று எழுத வந்தேன். ஆனால் இந்த மஞ்சள் நிறம், வெளிச்சம் பட்டால், நாளடைவில் வெளுத்துவிடும். உங்கள் கைக்கு வரும்போது இரண்டும் வெள்ளையாகத்தான் இருக்கும். கிணற்றடியில் நின்றவர்களுக்கு இருந்ததுபோல, உங்களுக்கும் என் வாய்ச்சொல் மட்டும்தான். நம்புவதும் கேள்வி கேட்பதும் உங்கள் பாடு. கேள்வி கேட்பது நல்லது.

இனி 'அவன்' வேண்டியதில்லை.

நாளை, ஞாயிறு: லோரி ஏழு மணிக்கு. ஆறு மணிக்கு அப்பாசாமி வீட்டுக்குப் போய், தவறு என் சோதனையில்தான் என்று இருவரிடமும் சொல்ல வேண்டும். அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆறரைக்குச் சொக்கப்பனை எழுப்ப வேண்டும். மற்ற ஐந்து வீட்டாரும் தண்ணீர் இறைக்க வந்திருக்கும்போது, அதையே எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும்.