ராசாங்கத்தின் வெள்ளைத் துண்டு

இருபத்திரண்டு வருடமாக மாரியம்மன் கோயில் சீட்டுக் குலுக்கலில் ராசாங்கத்தின் பெயர் வரவே இல்லை. இந்த வருடம் வந்தது. அன்றிலிருந்து மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

சீட்டு பணத்துக்கோ நகைக்கோ அல்ல. விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில், கோடையில் ஏரி வற்றி முழங்கால் தண்ணீர் ஆனதும் ஊரே இறங்கி மீன் பிடிக்கும். சுற்றியுள்ள ஏழு ஊர்க்காரர்களும் மீனைக் கவிழ்த்துப் பிடிக்கும் மூங்கில் ஊத்தாக் கூடையும் வலையுமாக விடியும் முன்பே கரையில் வந்து நிற்பார்கள். ஒருவர் மதகின்மேல் ஏறி வெள்ளைத் துண்டை வீசுவார். வீசும்வரை யாரும் தண்ணீரில் கால் வைக்கக்கூடாது. வீசிய பிறகு யாரையும் நிறுத்த முடியாது. அந்த ஒருவர் யார் என்பதற்குத்தான் சீட்டு.

மோட்டாருக்குக் காயில் கட்டிப் பிழைக்கும் ராசாங்கத்துக்கு இதைவிடப் பெரிய ஆசை எதுவும் கிடையாது. போன வருடம் சீட்டு விழுந்த வைரக்கண்ணு என்னவோ ஈ ஓட்டுவதுபோல் இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டு இறங்கியதைப் பார்த்து அவருக்கு வயிறு எரிந்தது. அதெல்லாம் ஒரு வீச்சா? தலைக்கு மேலே மூன்று சுற்று சுற்ற வேண்டும், மூன்றாவது சுற்றில் துண்டு பட்டென்று சத்தம் போட வேண்டும். அதுதான் வீச்சு.

லீவுக்கு அரும்பாவூரிலிருந்து அவருடைய அக்கா மேகலாவும், மச்சான் அரியமுத்துவும், அவர்கள் மகள் சத்யப்பிரியாவும் ஒரு மூட்டை சின்ன வெங்காயத்தோடு வந்து இறங்கியிருந்தார்கள். வெயில் தாழ்ந்ததும் மொத்தக் குடும்பமும் புளிச்சோறும் அவித்த கடலையும் கட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்விடும். மேகலாவும் ராசாங்கத்தின் மனைவி புவனேஸ்வரியும் கருவேல மரத்தடியில் உட்கார்ந்து ஊர்க்கதையை உரிப்பார்கள். ராசாங்கத்தின் பத்து வயது மகள் சக்தி, சத்யப்பிரியாவை இழுத்துக்கொண்டு கரையோரம் பூப் பார்க்கப் போவாள். நீர்முள்ளியின் ஊதாப்பூ, காட்டாமணக்கின் ரோஸ் பூ, ஈரத்தில் படர்ந்த பொடுதலையின் பொட்டுப் பூ என்று எதையும் விடமாட்டாள். ராசாங்கம் மட்டும் தனியாக நின்று துண்டு சுழற்றிப் பழகுவார்.

“மாப்ள, பாத்துச் சுத்து. கை கழண்டு ஏரிக்குள்ள போயி வுழுந்துடப் போவுது” என்பார் அரியமுத்து, கடலையை மென்றபடி.

“நீங்க சிரிங்க மச்சான். வீசுற அன்னிக்குப் பாருங்க.”

மீன்பிடிக்கு முந்தின நாள் சாயங்காலம் சக்தி மூச்சிரைக்க ஓடி வந்தாள். மதகோரப் பள்ளத்தில் நீல அல்லி மூன்று மொட்டு விட்டிருக்கிறதாம். ஏரியிலேயே அங்கு மட்டும்தான் மிச்சமாம்.

“காலைல பூத்துடும்ப்பா. மீன் புடிக்கிறவங்க மிதிச்சிடுவாங்க. அந்தப் பக்கம் வராதீங்கன்னு சொல்லுங்கப்பா.”

“ஏழு ஊரு சனத்துக்கும் நான் என்ன டிராபிக் போலீசா?”

“அப்ப நான் இப்பவே எறங்கிப் பறிச்சிக்கிறேன்.”

“அடியே! துண்டு வீசுறவன் மவளே மொதல்ல கால வச்சான்னா ஊரு காறித் துப்பும். நான் வீசுனப்புறம் எறங்கிக்க. இப்ப நவுரு, துண்டு மூஞ்சில பட்டுடும்.”

சக்தியின் முகம் சுருங்கிவிட்டது. ராசாங்கத்துக்கு அது தெரியத்தான் செய்தது. ஆனால் மூன்றாவது சுற்றில் சத்தம் இன்னும் சரியாக வரவில்லையே, அவர் என்ன செய்வார்!

மறுநாள் புதுத் துண்டை இரண்டு முறை இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினார். “கல்யாணத்தன்னிக்குக்கூட நீங்க இவ்ளோ நேரம் கண்ணாடி முன்னால நிக்கல” என்றாள் புவனேஸ்வரி. வீடியோ எடுக்கும் பொறுப்பு சத்யப்பிரியாவுக்கு.

ஏழரைக்குக் கோயில் மணி அடித்ததும் வீச வேண்டும். ராசாங்கம் ஏழுக்கே மதகில் ஏறிவிட்டார். கரை முழுக்கத் தலை. ஆயிரம் பேருக்குக் குறையாது. அத்தனை கண்ணும் அவர் கையையே பார்த்தன. அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

“ஏங்க, வெறும் வயித்தோட நிக்காதீங்க. இந்த டீயக் குடிங்க” என்று புவனேஸ்வரி கீழிருந்து டம்ளரை நீட்டினாள். துண்டை மதகுக் கல்லில் வைத்துவிட்டு டீயைக் குடித்தார். டம்ளரைக் கொடுத்துவிட்டுத் துண்டை எடுத்தார்.

முப்பது வருடப் பழக்கம். கடை ஸ்டூலில் இருந்து எடுத்தாலும் சரி, பஸ் சீட்டில் இருந்து எடுத்தாலும் சரி, துண்டை ஓர் உதறு உதறித்தான் தோளில் போடுவார். கை அதன்பாட்டுக்கு உதறியது. மணி ஏழு பத்து.

“ஓ!” என்று கரை முழுவதும் ஒரே சத்தம். ஆயிரம் பேரும் தண்ணீருக்குள் பாய்ந்தார்கள்.

“யோவ், நில்லுங்கய்யா! அது வீசல! ஒதறுனேன்! சும்மா ஒதறுனேன்யா!”

யார் காதிலும் விழவில்லை. ஏரி கலங்கிச் சேறாகிவிட்டது. ஒருவர் அதற்குள் ஒரு விராலைத் தூக்கிக் காட்டினார்.

“மாமா, ரெடியா? வீடியோ ஆன் பண்ணட்டா?” என்றாள் சத்யப்பிரியா.

அரியமுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இருபத்திரண்டு வருட ஆசை ஓர் உதறலில் போய்விட்டது. ராசாங்கம் துண்டாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் கீழே சக்தியைப் பார்த்தார். தண்ணீருக்கு ஒரு சாண் தள்ளி, இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு எதிரே பள்ளத்தில் மூன்று மொட்டும் பாதி விரிந்திருந்தன. கிழக்கிலிருந்து பத்து இருபது பேர் ஊத்தாவைக் குத்திக்கொண்டே நேராக அங்குதான் வந்துகொண்டிருந்தார்கள்.

“ஏய், ஏன்டி நிக்கிற? எறங்கிப் பறி! மிதிச்சிடப் போறாங்க!”

சக்தி அழுதுகொண்டே கத்தினாள். “நீங்கதான் இன்னும் வீசலயேப்பா!”

ராசாங்கம் மதகுப் படியில் தடதடவென்று இறங்கி, வேட்டியோடு தண்ணீருக்குள் ஓடி, பூவுக்கு முன்னால் காலை அகட்டி நின்றார். துண்டைத் தலைக்கு மேலே தூக்கினார். ஒரு சுற்று. இரண்டு சுற்று.

“அங்க போவாதீங்கடா, பாம்பு கெடக்கு போல! மனுசன் அடிக்கிறாரு பாரு!” என்று ஊத்தாக்காரர்கள் பதறி இரண்டாகப் பிரிந்து ஓடினார்கள்.

மூன்றாவது சுற்றில் துண்டு பட்டென்று சத்தம் போட்டது.

சக்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, வலது காலை எடுத்து வைத்து ஏரியில் இறங்கினாள்.