ஹம்ஸினி கேட்ட தலையாட்டல்

1

இந்தக் கதை என் டைரியின் ஒரே வரியிலிருந்து வந்தது: "வியாழன். செமினார். எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தோம். ஏன் என்று நாளை எழுத வேண்டும்." மாலை வகுப்பு முடிந்து வந்ததும் தேதி போட்டு ஒரு வரி எழுதுவது என் வழக்கம். மற்ற நாட்களுக்கு அது போதும்.

முதல் தொடக்கம்: ஹைதராபாத்தின் அந்தி வெயில் வகுப்பறைச் சுவரில் சாய்ந்து... (அடித்துவிட்டேன். எங்கள் வகுப்பறைக்கு ஜன்னலே கிடையாது.)

இரண்டாவது: தத்துவம் என்பது மனிதன் தன்னைத்தானே... (இது பரீட்சை விடை.)

மூன்றாவது: எதிராளியைத் தேர்ந்தெடுத்ததில்தான் ஹம்ஸினி தப்புச் செய்தாள்.

இது நிற்கட்டும்.

2

ஹைதராபாத்தில் ஒரு பல்கலைக்கழகம், மாலை வகுப்பில் பி.ஏ. தத்துவம், கடைசி வருடம். செமினாரை நடத்துபவர் மங்கையர்க்கரசி மேடம். ஒரு வாரம் ஒருவர் வாதம் வைப்பார், அடுத்த வாரம் இன்னொருவர் அதை மறுப்பார். இதில் மேடத்துக்கு ஒரே விதி. யாரை மறுக்கப்போகிறோமோ அவருடைய வாதத்தை முதலில் அவர் முன்னாலேயே சொல்ல வேண்டும். "ஆமாம், போன வாரம் நான் சொன்னது இதுதான்" என்று அவர் தலையாட்ட வேண்டும். அப்புறம்தான் மறுப்பு. எல்லாம் இருபது நிமிடத்துக்குள். தலையாட்டல் இல்லையென்றால் மறுப்பு இல்லை, மதிப்பெண்ணும் இல்லை.

எங்கள் வகுப்பு ஹம்ஸினிக்கு எம்.ஏ. இடம் கிடைத்தாயிற்று. இந்தப் பேப்பர் மட்டும் பாக்கி. தவறினால் அந்த இடம் போய்விடும், பகலில் ஏ.எஸ்.ராவ் நகர் பள்ளியில் வேலை, மாலையில் இரண்டு பஸ் என்று இன்னொரு வருடம்.

அதனால்தான் சரத்தைப் பிடித்தாள். எங்களோடு படிப்பவர், சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் கோயம்புத்தூர்க்காரர். எதற்கும் தலையாட்டுவார். கேன்டீனில் "டீயா, காபியா?" என்று கேட்டாலும் தலையாட்டுவார்.

(சரத்தின் மேல் எனக்கு இன்னும் சந்தேகம். இவ்வளவு நேர்மையான ஆளை வாசகர் ஒப்புவாரா? ஒரு சின்னப் பொய்யாவது சொல்லவைக்கப் பார்த்தேன். மாட்டேனென்றுவிட்டார்.)

3

வகுப்பு ஆங்கிலத்தில்தான் நடக்கும். சூடு ஏறினால் எங்கள் நாலைந்து பேருக்குத் தமிழ் வந்துவிடும்.

ஹம்ஸினி எழுந்து சரத்தின் வாதத்தை ஒவ்வொரு படியாகச் சொன்னாள். மனிதனின் நினைப்பு, ஆசை, உடம்பு எல்லாம் மாறுகின்றன. மாறாமல் உள்ளே உட்கார்ந்திருக்கும் 'நான்' என்று எதுவும் இல்லை. ஆகவே நேற்று இருந்தவர் வேறு, இன்று இருப்பவர் வேறு. நேற்றைய ஆள் கொடுத்த வாக்கு இன்றைய ஆளைக் கட்டாது.

எட்டு நிமிடம். ஒரு படிகூடத் தவறவில்லை.

"கரெக்டா, அண்ணா?"

சரத்தின் தலை இறங்கத் தொடங்கி, பாதியில் நின்றது.

"என்னண்ணா?"

"அப்படியே நான் நினைக்கிறதுதாங்க."

"அப்ப ஆட்டுங்க."

"ஆட்டலாங்க. ஆட்டினா, போன வாரம் பேசினவனும் நானும் ஒரே ஆளுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுங்களே."

பின்பெஞ்சிலிருந்து சபீனா, உள்ளூர் திருமுல்கேரியிலேயே பிறந்து வளர்ந்தவள், "நக்கோ பாய், ஆட்டாதீங்க" என்றாள்.

"ஏய், நீ யார் பக்கம்?" என்று ஹம்ஸினி திரும்பினாள்.

"வாதத்தோட பக்கம்."

ஹம்ஸினி மறுபடி சரத்திடம் வந்தாள். "அரே அண்ணா, போன வாரம் பேசினது நீங்கதானே? நான் பார்த்தேனே."

"பார்த்த நீங்களும் மாறியிருப்பீங்க." சரத் உண்மையிலேயே வருத்தமாக இருந்தார். "தப்பா நினைக்காதீங்க. நீங்க பாஸாகணும்னு எனக்கு ஆசைதாங்க."

"அந்த ஆசை நாளைக்கு மாறிடும். சீக்கிரம் ஆட்டுங்க."

அங்கேதான் வகுப்பு சிரிப்பில் உடைந்தது. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "விதி விதிதாம்மா" என்றார்.

ஹம்ஸினி கையிலிருந்த பத்துப் பக்க மறுப்பைப் பார்த்தாள். ஒரு தலையாட்டலுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை என்று புரிந்தது. பயம் வந்திருக்க வேண்டும். வந்தது சிரிப்பு. இவ்வளவு வருடம் புத்தகத்தில் படுத்திருந்த கேள்வி, சட்டை போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்து விழிக்கிறதே.

அப்போது இன்னொன்றும் தோன்றியது. வாயைத் திறந்தாள்.

"மறுப்பு, தலையாட்டினதுக்கு அப்புறம்" என்று மேடம் கையைத் தூக்கினார்.

4

முடிவு அ: சரத் தலையாட்டுகிறார். அவருடைய வாதம் அவராலேயே விழுகிறது. ஹம்ஸினி எம்.ஏ. போகிறாள். (நட்புக்காக ஆட்டினாரா, தோற்றதாலா? நட்புக்காக என்றால் அவள் ஜெயித்ததாக ஆகுமா?)

முடிவு ஆ: சரத் ஆட்டவில்லை. பேப்பர் போகிறது. ஹம்ஸினி பஸ்ஸில் அழு... (இல்லை. அவள் அப்படிப்பட்டவள் அல்ல.)

முடிவு இ: மேடம் விதியைத் தளர்த்து... (நீங்கள் அவரைப் பார்த்ததில்லை.)

அவள் சொல்ல வந்ததை நான் சொல்லலாம். அந்த விதி எனக்குக் கிடையாது. ஆட்டாமலிருந்தாலும் சரத் தோற்கிறார். போன வாரத்துச் சரத் சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தானே இந்த வாரத்துச் சரத் தலையை இப்படிப் பிடித்துவைத்திருக்கிறார். நேற்றைய ஆளின் சொல் இன்றைய ஆளைக் கட்டியிருக்கிறதே. (இதில் ஓட்டை இருக்கலாம். பத்துத் தடவை சரிபார்த்தேன். ஒன்பது தடவை நின்றது.)

சரத்துக்கு இது தெரியாது. இப்போது உங்களுக்குத் தெரியும். அதனால் நீங்களே அவர் நாற்காலியில் உட்காருங்கள். மீதியிருந்த பன்னிரண்டு நிமிடம் இப்போது நாலாகிவிட்டது. மேடம் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஹம்ஸினி சிரிப்பை அடக்கிக்கொண்டு உங்கள் தலையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.