ஆறு கோப்பைகளும் ஒரு சித்தப்பாவும்

எடித் அத்தைக்கு எண்பது முடிகிற நாளில் அந்தத் தேநீர் செட் மியூரியலின் கைக்கு வரவேண்டும். ஒரு உருப்படி குறைந்தாலும் வராது, ஊர் அருங்காட்சியகத்துக்குப் போய்விடும். கொள்ளுத்தாத்தாவின் உயில் அப்படி. ஐந்து வயதில் முதன்முதலாகப் பார்த்ததிலிருந்து நாற்பது வருடமாக அவள் அதற்காக ஏங்கிக் கிடந்தாள்.

நீலப் பூப்போட்ட பழைய ஸ்டாஃபோர்ட்ஷயர் பீங்கான். கெண்டி கோழிமுட்டை அளவு, கோப்பை நெல்லிக்காய் அளவு. கைமாறும் நாளில் ஆறு பேர் அதில் தேநீர் குடித்தாக வேண்டும். அது சின்னது என்று யாரும் வாய் தவறிக்கூடச் சொல்லக்கூடாது. அந்தக் குடும்பத்தில் கொலையை மன்னித்தாலும் மன்னிப்பார்கள், மரியாதைக் குறைவை மன்னிக்கவே மாட்டார்கள்.

அத்தையின் தம்பி கத்பர்ட் சித்தப்பா, மனைவி போனபின் ஒண்டிக்கட்டை. அந்தப் பிறந்தநாளன்று தன் பங்கை அண்ணாந்து ஒரே மடக்கில் குடித்தார். கையை இறக்கியபோது கோப்பையைக் காணோம். தொண்டையில் மட்டும் ஏதோ மெல்ல இறங்கியது.

மியூரியல் மீதிக் கோப்பைகளைக் கண்ணாலேயே எண்ணினாள். அவள் புருஷன் கூரையைப் பார்த்தான். பாதிரியாரும் மனைவியும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"மழை வரும்போல இருக்கே," என்றார் பாதிரியார்.

"இன்னொரு கப் ஊத்தட்டுமாடா கத்பர்ட்?" என்றாள் அத்தை.

"வேணாம்க்கா. ஒண்ணுலயே வயிறு ரொம்பிடுச்சு."

அத்தை மரப்பெட்டியைத் திறந்து எண்ணி வைத்தாள். ஐந்து. ஆறாவது குழி காலி. தம்பியின் வயிற்றைச் சற்று நேரம் பார்த்தாள்.

"ஆறு. சரியா இருக்கு. எடுத்துட்டுப் போடி மியூரியல். வண்டியக் குலுக்காம ஓட்டச் சொல்லு."

"சித்தப்பாவையுமா அத்தை?"

"பின்னே? பிரிச்சா செட்டு போச்சே!"

சித்தப்பா தொப்பியை மாட்டிக்கொண்டார்.

கோப்பை தானாக வெளியே வந்துவிடும் என்றார் டாக்டர். மியூரியல் பின்னறையை ஒழித்துக் கொடுத்தாள். தினமும் காலையில், "என்ன சித்தப்பா, ஏதாவது...?" என்று இழுப்பாள். "இன்னும் இல்லம்மா," என்பார் அவர் வருத்தத்தோடு. அப்படியே ஏழு மாதம் ஓடியது. அதற்குள் ஒழுகுகிற குழாயைச் சரிசெய்தார், சீட்டாட்டத்தில் கள்ளாட்டம் ஆடினார், அவள் புருஷனோடு சேர்ந்து ரோஜாச் செடிகளைக் கண்டபடி வெட்டினார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் மியூரியல் அவருடைய துவைத்த காலுறைகளை அலமாரியில் அடுக்கும்போது, அடியில் கிடந்த ஒன்றுக்குள் ஏதோ உருண்டது. கோப்பை. வெந்நீரில் அலசி, துடைத்து, கைக்குட்டையில் பத்திரமாகச் சுற்றியிருந்தார்.

நாற்பது வருட ஆசை உள்ளங்கையில் இருந்தது. பெட்டி பக்கத்து அறையில்தான். கீழே சித்தப்பா எதற்கோ வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. கோப்பையைத் திரும்பக் காலுறைக்குள் திணித்து, அடியில் தள்ளிவிட்டு இறங்கிப் போனாள்.

"என்ன சித்தப்பா, ஏதாவது?"

"இன்னும் இல்லம்மா."

"மெதுவா வரட்டும் சித்தப்பா, என்ன அவசரம்?" என்று பெரிய கோப்பையில் தளும்பத் தளும்பத் தேநீர் ஊற்றினாள்.