மூன்றாவது நிமிடத்து டொக்

செய்தி வந்தபோது கண்ணாடிக்காரர் கடையின் பின்னறையில் ஒரு லென்ஸை ஃபிரேமுக்குத் தக்கபடி தேய்த்துக்கொண்டிருந்தார். செல்போன் விடாமல் கிணுகிணுத்தது. எடுத்துப் பார்த்தால், ரசிகர் குழுவில் ‘அவர் போய்விட்டார்’ என்று போட்டிருந்தது. எவர் என்று குழுவில் ஒருவரும் கேட்கவில்லை. அங்கே ‘அவர்’ என்றால் ஒரே ஒருவர்தான். அந்தக் காலத்து மனைவிமார் புருஷன் பெயரைச் சொல்லாத மாதிரி இவர்களும் அந்த கிதார் கலைஞரின் பெயரைச் சொல்வதில்லை. இதனால் வீட்டில் குழப்பம் வந்ததுண்டு. மனைவி ‘அவர்’ என்றால் அது கண்ணாடிக்காரர். கண்ணாடிக்காரர் ‘அவர்’ என்றால் அது கடல் தாண்டி எங்கோ வாழ்ந்த, இவர் ஒரு தடவைகூட நேரில் பார்த்திராத மனிதர்.

கை நழுவி லென்ஸின் ஓரம் சில்லு பெயர்ந்தது. யாருடைய வலது கண்ணோ, பாவம். கண்ணாடிக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு முதலாளியிடம் போனார்.

“சார், ஒரு சாவு. கொஞ்சம் சீக்கிரம் கிளம்பணும்.”

“அடடா, யாரு?”

கண்ணாடிக்காரர் மென்று விழுங்கினார். கிதார் வாசிக்கிறவர் என்று சொல்ல ஐம்பதைத் தாண்டிய வயதுக்குக் கூச்சமாக இருந்தது. “பெரியப்பா முறை” என்று சொல்லிவிட்டார். முதலாளி எழுந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷன். அவரை ஏமாற்றியதில் கண்ணாடிக்காரருக்கு நெஞ்சு உறுத்தியது. ஆனாலும் அரைநாள் லீவு அரைநாள் லீவுதான்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. செத்துப்போனவரை நினைக்கத்தான் உட்கார்ந்தார். மனசு தன்பாட்டுக்கு வேறு பக்கம் ஓடியது. மச்சானுக்குத் தெரியுமா? தெரிந்தால் இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பார்? பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா? உலகத்தில் இந்தச் சாவைத் தன்னளவுக்குத் துக்கமாக எடுத்துக்கொள்ளக்கூடிய ஆள் ஒருவர்தான் உண்டு. அவரோடுதான் ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை.

செத்துப்போன ‘அவர்’ வெறும் கிதார் வாசிப்பவராக இருந்திருந்தால் இத்தனை வம்பு வந்திருக்காது. கிதாரையே மாற்றிய மனிதர். அதன் உடம்பின் ஓரத்தில் ஒரு சின்ன லிவரை வைத்து, முழங்கையால் அழுத்தினால் ஒரே ஒரு தந்தி மட்டும் தொய்ந்து, ஆள் விம்முகிற மாதிரி ஒலிக்கும்படி செய்தார். அதுவரை கிதார் பாடிக்கொண்டிருந்தது, அவர் வந்த பிறகுதான் அழக் கற்றுக்கொண்டது என்று ரசிகர்கள் சொல்வார்கள். ரசிகர்கள் இப்படித்தான் பேசுவார்கள், ஒன்றும் செய்ய முடியாது. கண்ணாடிக்காரரும் மச்சானும் சேர்ந்து, ஒரு பழைய கிதாரில் சைக்கிள் பிரேக்கையும் கதவுக் கீலையும் பொருத்தி அதே மாதிரி ஒன்று செய்தார்கள். அழுத்தினால் விம்மல் வரவில்லை, கழுதை கனைத்தது. இருந்தாலும் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

மச்சான் லிஃப்ட் மெக்கானிக். இசைத்தட்டுக் கடையில் மிச்சமிருந்த ஒரே தட்டில் இருவரும் ஒரே நேரத்தில் கை வைத்ததில் ஏற்பட்ட பழக்கம். தட்டை மச்சான் வாங்கினார். அதைக் கேட்க வாராவாரம் அவர் வீட்டுக்குப் போன கண்ணாடிக்காரர், கடைசியில் அவருடைய தங்கையைக் கட்டிக்கொண்டார். “நீங்க என்னைப் பாக்க வந்தீங்களா, தட்டைக் கேக்க வந்தீங்களா?” என்று மனைவி இன்றைக்கும் கேட்பதுண்டு. கண்ணாடிக்காரர் இதுவரை நேரான பதில் சொன்னதில்லை.

சண்டை வந்தது ஒரு ‘டொக்’கினால். அவருடைய புகழ்பெற்ற வாத்தியப் பாட்டில், மூன்றாவது நிமிடத்தில், தந்தி விம்மி அடங்கும் இடத்தில், ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரும். ஒரே ஒரு தடவை. அதைக் கேட்டுப் புல்லரிக்காத ரசிகர் கிடையாது. லிவரைக் கண்டுபிடித்தவர் அடுத்து ஏதோ கண்டுபிடித்துவிட்டார், ரகசியமாக வைத்திருக்கிறார் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். கிதாரின் உடம்பில் ஒரு மரவில்லையை ஒட்டி அதைத் தட்டுகிறார் என்பது வந்து சேர்ந்த ஞானம். ஆளாளுக்கு வில்லை ஒட்டினார்கள். கண்ணாடிக்காரர் லென்ஸ் தேய்க்கும் மெஷினிலேயே, முதலாளி இல்லாத நேரம் பார்த்து, பொத்தான் அளவில் ஒன்று வழவழவென்று தேய்த்தெடுத்தார்.

எதனால் தட்டுகிறார் என்பதுதான் தகராறு. கண்ணாடிக்காரர் விரல் முட்டி என்றார். மச்சான் கட்டைவிரல் என்றார். முட்டி என்றால் வில்லை கீழே இருக்க வேண்டும், கட்டைவிரல் என்றால் மேலே. இருப்பதோ ஒரே கிதார். ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் வில்லை கீழேயிருந்து பெயர்க்கப்பட்டு மேலே ஒட்டியிருந்தது, பக்கத்தில் மச்சான் வெற்றிச் சிரிப்போடு உட்கார்ந்திருந்தார். பிறகு நடந்தது குடுமிப்பிடிச் சண்டை. இருவருக்கும் குடுமி கிடையாது, தலையில் முடியே அவ்வளவாகக் கிடையாது என்பது வேறு விஷயம். “இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காத” என்று கண்ணாடிக்காரர் கத்தினார். மச்சான் மிதிக்கவில்லை.

ஊரில் மற்ற குடும்பங்கள் வீட்டுக்கும் நிலத்துக்கும் பிரியும். இவர்கள் பொத்தான் அளவு மரத்துக்குப் பிரிந்தார்கள். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று கண்ணாடிக்காரருக்கே தெரியும். மனைவி நடுவில் அல்லாடினாள். அண்ணனைப் பார்க்கத் தனியாகப் போவாள், தனியாக வருவாள். எப்போதாவது பேச்செடுத்தால், “நீ சொன்னதுதான் சரின்னு உங்கண்ணன் ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும், அடுத்த நிமிஷம் போய் நிக்கிறேன்” என்பார். சொல்லிவிட்டுத் தன் பெருந்தன்மையைத் தானே மெச்சிக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அஞ்சலிக் கூட்டம். குழுத் தலைவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர் என்பதால் அவருடைய வகுப்பறையில்தான் கூடினார்கள். சுவர் முழுக்கப் போக்குவரத்துச் சின்னங்கள். ‘ஒலி எழுப்பாதே’ படத்துக்கு நேர் கீழே கிதார் கலைஞரின் படத்தை வைத்திருந்தார்கள். பன்னிரண்டு பேர், பதினொரு கிதார். கிதார் இல்லாதவர் கண்ணாடிக்காரர்தான். சண்டைக்குப் பிறகு அவர் அதைத் தொட்டதில்லை. மச்சான் வரவில்லை. கண்ணாடிக்காரர் போகிற இடத்துக்கு மச்சான் வருவதில்லை என்பது குழுவே ஏற்றுக்கொண்ட விதி. ஆனாலும் கதவு திறக்கிற போதெல்லாம் கண்ணாடிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

தலைவர் பேச எழுந்தார். “நம்ம எல்லாருக்கும் கியர் போட்டுக் குடுத்தவர் அவர்” என்று ஆரம்பித்தார். தொழில் பேச்சில் வந்துவிடுகிறது. பிறகு வானொலியில் ஒலிபரப்பாகும் நினைவு நிகழ்ச்சியை ஒலிபெருக்கியில் வைத்தார்கள். முதலில் யார் யாரோ புகழ்ந்தார்கள். அப்புறம், அந்தக் காலத்தில் ஒலிப்பதிவு செய்த அம்மாள் ஒருவர் வந்தார். எண்பதுக்கு மேல் வயது, கணீரென்ற குரல்.

“அந்தப் பாட்டு மூணாவது நிமிஷத்துல ஒரு டொக் கேக்கும்” என்றார் அம்மாள்.

அறையில் பன்னிரண்டு பேரும் முன்னால் சாய்ந்தார்கள். ரகசியம் உடையப்போகிறது. கண்ணாடிக்காரரின் விரல் முட்டி தானாக மடங்கியது.

“அது நான் காபிக் கோப்பையை மேஜையில வெச்ச சத்தம். நான் பதறிப்போயி, மறுபடி எடுத்துடலாமான்னு கேட்டேன். பரவாயில்ல விடும்மா, இதையெல்லாம் யாரு கவனிக்கப்போறான்னு சொல்லிட்டாரு.”

யார் முகத்திலும் ஈயாடவில்லை. பதினொரு கிதார்களில் பதினொரு வில்லைகள். குழுவில் இருந்த கணக்கு டீச்சர் ஒருவர் தன்னுடைய கிதாரை மெதுவாகத் திருப்பி, வில்லை இருக்கும் பக்கத்தைப் புடவையோடு அணைத்து மறைத்துக்கொண்டார். டொக்கைப் பற்றி நாற்பது பக்கம் கட்டுரை எழுதியவர் அவர். “அவர் செத்ததைக்கூடத் தாங்கிட்டேன்” என்றார் தலைவர். அதோடு கூட்டம் கலைந்தது.

கண்ணாடிக்காரர் தெருவில் நின்றார். சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை. பெட்டிக்கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். சண்டைக்கு இருந்த ஒரே காரணமும் போய்விட்டது. இனிமேல் எதைச் சொல்லிக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போகாமல் இருப்பது? கால்கள் யோசிக்காமல் அந்தப் பக்கம் நடந்தன.

ஊர் லிஃப்டுகளையெல்லாம் பழுது பார்க்கிறவர் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடியில் குடியிருந்தார். கண்ணாடிக்காரர் மூச்சிரைக்க ஏறி மணியை அழுத்தினார். மச்சான்தான் திறந்தார். பனியனோடு இருந்தார்.

“வா மாப்ள” என்றார், போன வாரம்தான் வந்துபோன ஆளைக் கூப்பிடுகிற மாதிரி.

உட்கார்ந்தார்கள். மச்சான் இளைத்திருந்தார். முன்பு மை பூசிக் கறுப்பாக வைத்திருந்த மீசை முழுசாக நரைத்திருந்தது. ஜன்னல் மேடையில் மாத்திரை அட்டைகள் இருந்தன. அண்ணனைப் பார்த்துவிட்டு வந்து மனைவி எதையோ சொன்னாள், மாத்திரை என்றாள், தான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பது கண்ணாடிக்காரருக்கு நினைவு வந்தது.

“போயிட்டாரே” என்றார் மச்சான்.

“ம்.”

பிறகு மச்சான் தொண்டையைக் கனைத்தார்.

“மாப்ள, நீ சொன்னதுதான் சரி. விரல் முட்டிதான். நான்தான் வீம்பு புடிச்சேன்.”

கண்ணாடிக்காரருக்குக் காதில் தேன் பாய்ந்தது. இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை காலம் காத்திருந்தார். ஆள் ரேடியோ கேட்கவில்லை போலிருக்கிறது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ஜெயித்தது ஜெயித்ததுதான். நாளைக்கு எப்படியும் விஷயம் தெரிந்துவிடும், இன்றைக்கு ஒரு சாயங்காலமாவது இது எனக்குத்தான் இருக்கட்டுமே என்று நினைத்தார். பெரிய மனசோடு மன்னிக்கிற முகம் ஒன்றைக்கூடத் தயார் செய்தார். அதை அந்த நரைத்த மீசைக்கு எதிரே வைத்திருக்க முடியவில்லை.

“மச்சான், அது முட்டியும் இல்ல, கட்டைவிரலும் இல்ல. யாரோ ஒரு அம்மா காபிக் கோப்பையை வெச்ச சத்தமாம்.”

“தெரியும்” என்றார் மச்சான். “மத்தியானம் ரேடியோவுல நானும் கேட்டேன்.”

கண்ணாடிக்காரருக்குப் புரியவில்லை. “தெரிஞ்சுமா? அப்புறம் எதுக்கு நான் சொன்னது சரின்னே?”

“நீதானே கேட்ட? அந்த ஒரு வார்த்தையைச் சொன்னா வருவேன்னு தங்கச்சி சொல்லிட்டே இருந்தா. நான்தான் சொல்லாம இழுத்தடிச்சேன். இப்ப அவரே போயிட்டாரு.” மச்சான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். “எது சரியா இருந்தா இப்ப என்ன மாப்ள. நாளைக்கு உன் கடைக்கு வந்து சொல்லலாம்னு இருந்தேன்.”

“கடைக்கு எதுக்கு? வீட்டுக்கு வரவேண்டியதுதானே?”

ஏன் கடைக்கு என்று கண்ணாடிக்காரருக்கு ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. உறைத்ததும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இந்த ஆறு வருஷத்தில் மச்சான் தங்கை வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. குடிக்க விடாமல் செய்தது வேறு யாரும் இல்லை, தானேதான்.

“சட்டையைப் போடு மச்சான், வீட்டுக்குப் போலாம்” என்றார்.

மச்சான் திரும்பிப் பார்த்தார்.

“வரலாமா?” என்று கேட்டார். குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டார்.

கண்ணாடிக்காரர் எழுந்து போய், கதவுக்குப் பின்னால் தொங்கிய சட்டையை எடுத்து உதறி, கை நுழைக்க வசதியாக மச்சானுக்கு முன்னால் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.