தசம தானம்

ஜக்சனின் வலது தோள் விடியும்போதே எரிந்தது. பின்னேரம் கை மேலே எழும்பவில்லை. அந்தத் தோளில்தான் அன்று நாற்பத்தெட்டுப் பெட்டிச் சூரை மீன், கொட்பே இறங்குதுறையிலிருந்து கொம்பனியின் ஐஸ் அறைக்குப் போனது. மாதத்தில் இருபது நாள் நிரம்பினால் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு. திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் தோளைக் காட்டலாம். பத்தொன்பது நாள் ஏற்கெனவே இருந்தது; அன்று மாதத்தின் கடைசி வேலைநாள். ஆயிரத்து ஐந்நூறு கிலோ சுமந்தால் ஒரு நாள். ஒரு கிலோ குறைந்தாலும் அரைநாள்.

எடைத் துண்டு அச்சாகி வந்தது. 31, 31, 31 என்று நாற்பத்தெட்டு வரி. மொத்தம் 1488.

"தராசு பெட்டிக்குப் பெட்டி 31.4 காட்டினது, சேர். பார்த்துப் பார்த்துத்தான் வச்சனான்."

முகாமையாளர் றுவைஸ் கதிரையில் சாய்ந்தார். "புள்ளியெல்லாம் உங்களுக்கு என்னத்துக்கு, ஜக்சன்? துண்டு வடிவா இருக்க வேணாமா?"

துண்டு அச்சிடும் கணினி நிரலை எழுதிய பஹ்மியா அன்று அங்கே இருந்தாள். திரையைத் திருப்பிக் காட்டினாள். தசம தானம்: வெளிநாட்டு வாங்குநர் 3, அலுவலகம் 1, தொழிலாளி 0.

"எல்லாருக்கும் ஒரே எண் வரிசைதான், அண்ண. புள்ளிக்குப் பின்னால ஆருக்கு எத்தனை இலக்கம் எண்டு சேர் சொன்னவர், நான் போட்டனான். பாதிக்குக் குறைஞ்சா வெட்டும், பாதியெண்டா மேல தள்ளும். அச்சிலதான் 31. உள்ளுக்க 31.4 அப்பிடியே கிடக்கு."

"தானம் எண்டா?"

"இடம், அண்ண."

"வெள்ளைக்காரனுக்கு மூண்டு தானம், எனக்குப் பூச்சியம். அப்ப பெட்டிக்கு நானூறு கிராம் தானம் குடுத்தது நான்தான். கோயிலுக்குக்கூட இவ்வளவு குடுக்கேல்ல, தங்கச்சி."

பஹ்மியா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சேர், மொத்தத்தையும் நாளையும் அச்சில வாறதை வச்சுக் கூட்டச் சொன்னது ஏன்? உள்ளுக்க மொத்தம் 1507.2."

"அச்சில வந்ததுதான் கணக்கு. அச்சில இல்லாததுக்கு நான் ஒப்பம் வைக்க ஏலாது."

ஜக்சன் தலையை ஆட்டினான். துண்டின் கடைசி வரியில் விரலை வைத்தான். இந்த மாத நாள்: 20.

"அப்ப சரி, சேர். அச்சில இருபது இருக்கு. ஒப்பத்தை வையுங்கோ."

றுவைஸ் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். பத்தொன்பதரையை அதே பூச்சியம் இருபதுக்குத் தள்ளியிருந்தது.

"அது அச்சு மட்டும்தானே. உள்ளுக்க 19.5. உள்ளுக்க இருக்கிறதுதான் கணக்கு."

"கிலோவுக்கு அச்சு, நாளுக்கு உள்ளுக்கா?"

"ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு முறை இருக்கு, ஜக்சன். உங்களுக்கு விளங்காது."

பஹ்மியாவிடம் அந்த இடத்திலேயே திருத்தம் கேட்டார்: தொழிலாளியின் நாளுக்கு இனி ஒரு தசம தானம். கிலோவுக்குப் பழையபடி பூச்சியம். அவள் ஜக்சனைப் பார்க்காமல் தட்டினாள். புதுத் துண்டு வந்தது: 1488. 19.5. றுவைஸ் ஒப்பம் வைத்தார்.

திங்கட்கிழமை ஜக்சன் இடது தோளில் பெட்டி தூக்கினான். கொம்பனி அவனுக்குத் தரவேண்டியது இன்னும் அரைநாள்.