இடது பக்கத்து டிரம்

டாக்சி மூன்றாவது முறையாகப் பட்டறைக்குள் நுழைந்தபோது, அந்தப் பாழாய்ப்போன சத்தமும் கூடவே நுழைந்தது. பிரேக்கில் கால் வைத்ததும் பின்பக்கம் இடது மூலையில் டொக், டொக். யாரோ உள்ளே உட்கார்ந்து சுத்தியலால் தட்டுகிற மாதிரி.

"சவாரி ஏறுறவங்க பாதி வழியிலேயே இறங்கிடுறாங்கம்மா," என்றார் டாக்சிக்காரர். "பிரேக்கம்மா கைபட்டா வண்டி பேசாதுன்னு சொல்லித்தானே இங்க வந்தேன்? இப்ப வாயே மூட மாட்டேங்குது!"

பிரேக்கம்மா என்றால் அவள்தான். பட்டறை அவளுடைய அண்ணனுடையது. உள்ளே இரும்பு கடைகிற லேத் மெஷினில் நிற்பவர் அவள் வீட்டுக்காரர். கண் ஆபரேஷன் முடிந்து அவர் வேலைக்குத் திரும்பி மூன்று வாரம்தான் ஆகிறது. இந்த டாக்சியின் பின் சக்கரத்து டிரம் இரண்டையும் கடைந்து கொடுத்தது அவர். சத்தம் கிளம்பியதும் அதற்குப் பிறகுதான்.

அண்ணன் சுற்றி வளைக்கவில்லை. "சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடி. டிரம்தான் காரணம்னா மாப்பிள்ளையை லேத்துல நிக்கவைக்க முடியாது. பிரேக்குல விளையாட முடியுமா, நீயே சொல்லு."

"டிரம் இல்லண்ணே. நான் காட்டுறேன் பாரு."

பார்க்காமலே சொன்ன வாய்! லேத்தைத் தவிர அந்த மனுஷருக்கு வேறு எதுவும் தெரியாது. ஆபரேஷனுக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் அவர் கேட்ட முதல் கேள்வியே, "எப்ப வேலைக்குப் போகலாம்?" என்பதுதான். அவரை லேத்திலிருந்து இறக்குவதா? தலைகீழாக நின்றாவது வேறு காரணம் கண்டுபிடிப்பது என்று முடிவுகட்டி, ஜாக்கியைத் தள்ளினாள்.

டிரம் என்பது சக்கரத்துக்குள் சுற்றும் இரும்புச் சட்டி. பிரேக் அழுத்தினால் உள்ளே இருக்கிற இரண்டு ஷூவும் விரிந்து அதைப் பிடிக்கும், வண்டி நிற்கும். அவள் ஷூவைப் பார்த்தாள். அதன்மேல் ஒட்டியிருக்கும் லைனிங் தேயாமல் தடிமனாக, கல்லு மாதிரி இருந்தது. ஸ்பிரிங்கை மாற்றி ஒரு சுற்று ஓட்டினாள். டொக். ஷூ உரசுகிற தகட்டைச் சுரண்டி, துளி கிரீஸ் தடவி மறுபடி ஓட்டினாள். டொக். சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள், பேரிங் அசையவில்லை. ஹேண்ட் பிரேக் கேபிளைக் கழற்றி மாட்டினாள். டொக், டொக். மத்தியானம் சாப்பாடுகூட இறங்கவில்லை.

பாக்கி இருந்தது ஒரே ஒரு சோதனை. காலையிலிருந்தே அது அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் கடைசிக்குத் தள்ளிவைத்திருந்தாள், கெட்டிக்காரி. இடது டிரம்மை வலது பக்கமும் வலது டிரம்மை இடது பக்கமும் மாற்றி மாட்டி ஓட்டினாள்.

டொக் வலது பக்கத்திலிருந்து வந்தது. டிரம்மோடு சத்தமும் இடம் மாறியிருந்தது.

அந்த டிரம்மைக் கழற்றி, உட்சுவரில் நகத்தை வைத்து இழுத்தாள். வழுக்கிக்கொண்டு போக வேண்டிய நகம் தடதடவென்று ஏறி இறங்கியது. போல்ட்டில் இருப்பதுபோல மரை விழுந்திருந்தது. பிரேக் பிடித்ததும் ஷூ அந்த மரையில் ஏறி ஓரத்துக்குப் போகிறது. ஸ்பிரிங் அதை வெடுக்கென்று திரும்ப இழுக்கிறது. அதுதான் டொக்.

உப்புத்தாளை எடுத்து நாலு தேய்ப்புத் தேய்த்தாள். சத்தம் குறைந்துவிடும், அண்ணனுக்கும் தெரியாது. ஒரு வாரம் தாங்குமா? அதற்குப் பிறகு? 'குழந்தைகுட்டியோட ஜனங்க ஏறுற வண்டி இது. சீ, நானெல்லாம் ஒரு மெக்கானிக்கா!' உப்புத்தாளைத் தூக்கி எறிந்துவிட்டு டிரம்மோடு லேத்துக்குப் போனாள்.

"வலது பக்கம் கண்ணாடி மாதிரி கடைஞ்சிருக்கீங்க. இதுல என்ன ஆச்சு?"

அவர் நகத்தை வைத்துப் பார்த்தார். முகம் செத்துப்போனது. "அதைக் கடையும்போது பக்கத்துல யாரும் இல்ல. மூக்கு ஒட்டுற அளவு குனிஞ்சு பார்த்துக் கடைஞ்சேன். இதைக் கடையும்போது மச்சான் வந்து நின்னாரு. குனிஞ்சா கண்ணு தெரியலன்னு தெரிஞ்சுபோயிடுமேன்னு, வெட்டுற டூலை வேகமா ஓடவிட்டு, ஒரே ஓட்டத்துல முடிச்சுட்டேன்."

"கண்ணு சரியாயிடுச்சுன்னு சொன்னீங்களே!"

"தூரத்துல எல்லாம் தெரியுது. கிட்டத்துல, லேத்துல இருக்கிற அளவுக் கோடுதான் கலங்குது."

அவளுக்கு வந்த கோபத்துக்கு ஸ்பேனரை விட்டெறிந்திருப்பாள். பன்னிரண்டு வருஷம் குடும்பம் நடத்துகிறவளிடம் மறைக்கிற விஷயமா இது? அதைவிட அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. "அழ நேரமில்ல. மாட்டுங்க. அளவு நான் பார்க்குறேன்," என்றாள்.

இன்னொரு தடவை கடைகிற அளவுக்கு டிரம்மில் இரும்பு பாக்கி இருந்தது. டூலை ஆமை வேகத்தில் ஓடவிட்டார். கைக்கு ஒன்றும் மறந்துபோகவில்லை. அவள் அளவுக் கோட்டைப் படித்துக் காதோடு காதாகச் சொன்னாள். இரண்டும் ஒரே அளவாக இருக்க வலது டிரம்மிலும் மெல்லிசாக ஓர் ஓட்டம் விட்டார். மாட்டி, ஐந்து சுற்று ஓட்டி, ஐம்பது தடவை பிரேக் பிடித்தாள். சத்தம் இல்லை. டாக்சிக்காரர் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

"என்னம்மா கோளாறு?" என்று அண்ணன் வந்து நின்றார்.

"உள்ள தகட்டுல கிரீஸ் காஞ்சு கிடந்துச்சுண்ணே."

"அவ சொல்றது பொய், மச்சான்." வீட்டுக்காரர் பின்னால் நின்றிருந்தார். "டிரம்ல மரை விழுந்திருந்தது. என் வேலைதான். அளவுக் கோடு எனக்குத் தெரியல. உங்க முன்னால குனிஞ்சு பார்க்க வெக்கமா இருந்துச்சு."

"பிரேக்கு, மாப்பிள்ளை! வெக்கப்படுற இடமா இது?" பட்டறையே அதிரக் கத்தினார் அண்ணன். நியாயமான கத்தல்தான். கத்தி ஓய்ந்ததும் கேட்டார். "இப்ப யார் கடைஞ்சது?"

"நான்தான். அளவு இவ படிச்சா."

அண்ணன் மேசையிலிருந்து வேறொரு வண்டியின் டிரம்மை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "இதைக் கடைங்க. நான் இங்கேயேதான் நிப்பேன்."

அவர் டிரம்மை லேத்தில் மாட்டினார். மூக்கு இரும்பில் படுகிற அளவுக்கு, மச்சானுக்கு முன்னாலேயே குனிந்தார். பிறகு லேத் இரைச்சலுக்கு மேலே, பட்டறை முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுத்தார்.

"ஏம்மா, இங்க வா! அளவு என்னன்னு சத்தமா படி!"

அவள் கையைக்கூடத் துடைக்காமல் ஓடினாள்.