தோற்றவனுக்கு ஒரு வார்த்தை

ஆங்கில நாவல் ஒன்றை இத்தாலிய மொழியில் பெயர்த்துக்கொண்டிருந்தவள், தோற்றால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறவனைக் குறிக்கும் ஒரு சொல்லில் காலையிலிருந்து மாட்டிக்கொண்டு முழித்தாள். அகராதி தந்த இத்தாலியச் சொற்களெல்லாம் சப்பென்று இருந்தன. சலித்துப்போய்க் கணவனோடு செஸ் ஆட உட்கார்ந்தாள். வழக்கம்போல அவன்தான் மண்ணைக் கவ்வினான்.

"வெளிச்சம் கண்ணைக் கூசுது. நாற்காலி ஆடுது. நீ வேற நடுவுல தும்மித் தொலைச்சிட்ட. இதெல்லாம் ஒரு ஆட்டமா?"

அவள் நேரே மேசைக்குப் போய், அவன் புலம்பியதை ஒன்றுவிடாமல் அந்தக் கதாபாத்திரத்தின் வாயில் இத்தாலிய மொழியில் போட்டுவிட்டாள்.

அவளுடைய பக்கங்களுக்குப் பிழை திருத்துவது அவன்தான். மறுநாள் அந்த இடத்தைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"பிரமாதம் போ! அச்சு அசல் உன் தம்பியேதான்!"